திரும்பி வர்ற வரைக்கும் தாங்குற பீர்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை கேள்விகள் பல பேர்கிட்ட இருந்து வந்திருந்தாலும் விஷயம் ஒண்ணுதான்: ரொம்ப நாள் வீட்டுல இருக்க மாட்டோம், அதுவரைக்கும் நாம பண்ணின பீர் என்ன ஆகும்ங்கறது. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல சேர்த்து போட்டிருக்கேன். மொத கேள்விக்கு பதில் நீளம், பொறுமையா படிங்க.

கேள்வி: வேலை விஷயமா ஒன்றரை வருஷம் வெளிய போறேன், கிளம்ப இன்னும் நாலு மாசம் இருக்கு. வீட்டுல பீர் பண்றது பழக்கம்தான், ஆனா இதுவரைக்கும் பண்ணினது எல்லாம் ஒரு மாசத்துல குடிச்சு தீர்க்குற பேல் ஏல் வகை. திரும்பி வர்றப்போ நல்லா பழுத்த பீர் ஒண்ணு ரெடியா இருக்கணும்னு ஆசை. ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டு ஃபெர்மென்டர்லயே (பீர் புளிக்கிற பாத்திரம்) விட்டுட்டு போயிடலாமா? வந்து பாட்டில் பண்ணிக்கலாம்ல?

பதில்: போடுங்க, ஆனா ஃபெர்மென்டர்ல விட்டுட்டு மட்டும் போகாதீங்க. ஆள் இல்லாத வீட்டுல மொதல்ல போறது ஏர்லாக் தண்ணிதான், அதாவது உள்ள இருக்குற கேஸை வெளிய விட்டு வெளிக் காத்தை தடுக்குற சின்ன அடைப்புல இருக்குற தண்ணி. சில வாரத்துலயே அது கொஞ்சம் கொஞ்சமா வத்த ஆரம்பிச்சு, ஒரு நாள் உள்ள ஒரு வெள்ளை கறை வளையம் மட்டும் இருக்கும், அதுக்கப்புறம் பீருக்கும் ரூம் காத்துக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது. தண்ணி வத்தலைன்னாலும் ராத்திரி குளிர்ந்து பகல்ல சூடாகுற ஒவ்வொரு தடவையும் ஃபெர்மென்டர் கொஞ்சம் காத்தை உள்ள இழுத்துக்கும். பிளாஸ்டிக் பக்கெட்னா இன்னும் மோசம், அந்த பிளாஸ்டிக் வழியாவே ஆக்சிஜன் மெதுவா உள்ள போகும், மாசக்கணக்குக்கு அது தாங்காது. அடியில படிஞ்ச ஈஸ்டும் சும்மா இருக்காது, ரொம்ப நாள் ஆனா செத்து உடைஞ்சு உள்ள இருக்குறதை எல்லாம் பீர்லயே விட்டுடும், சோயா சாஸ், கறி வேகுற வாசனை, முத்திப்போனா எரிஞ்ச ரப்பர் வாசனை கூட வரும். அதனால நீங்க கிளம்புற அன்னிக்கு பீர் முழுசா முடிஞ்சு, பாட்டில்ல ஏறி, கேஸ் பிடிச்சு, நீங்களே ஒண்ணு திறந்து பாத்து திருப்திப்பட்டு மூடி வெச்ச நிலையில இருக்கணும். யாரும் வந்து தொட வேண்டிய தேவையே இருக்கக் கூடாது. இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

நாலு மாசம் இதுக்கு சரியா போதும், ஆனா இந்த வாரமே ஆரம்பிக்கணும். என்ன வகைன்னா, இங்கிலீஷ் பார்லி வைன் போடுங்க, பேர்ல வைன் இருந்தாலும் அது ஸ்ட்ராங்கான ஏல் பீர்தான். இம்பீரியல் ஸ்டவுட், பெல்ஜியன் ஸ்ட்ராங் டார்க், ஓல்ட் ஏல், பால்டிக் போர்ட்டர் எல்லாமே தாங்குற வகைதான், ஆனா பால்டிக் போர்ட்டர் பெரும்பாலும் லாகர் ஈஸ்ட்ல குளிர்ல பண்றது, பேல் ஏல் பண்ணி பழகினவங்களுக்கு கை பழகின ஈஸ்ட்லயே போறது பார்லி வைன்தான். இதெல்லாம் ஏன் தாங்குதுன்னா ஆல்கஹால் அதிகமா இருக்கும், அது கெடுக்குற கிருமிகளை அடக்கி வைக்கும். மால்ட் (முளைகட்டி காயவெச்ச பார்லி) நிறைய இருக்குறதால மெலனாய்டின்னு சொல்ற பழுப்பு நிற பொருட்களும் நிறைய இருக்கும், ஆக்சிஜன் கொஞ்சம் பட்டாலும் அந்த மாதிரி பீர்ல அது உலர் திராட்சை, டாஃபி, ஷெர்ரி வைன் மாதிரி ஒரு பக்கமா போகும். அதே ஆக்சிஜன் லேசான பீர்ல பட்டா நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனைதான், டிரான்ஸ்-2-நோனினால்னு ஒரு பொருள் அதுக்கு காரணம், அது ரொம்ப ரொம்ப கம்மியா இருந்தாலே மூக்குக்கு தெரிஞ்சிடும்.

19 லிட்டருக்கு கணக்கு சொல்றேன். நல்ல பேல் மால்ட், மாரிஸ் ஆட்டர்ங்கற இங்கிலீஷ் பார்லி வகை கிடைச்சா அது, 8 கிலோ. கிரிஸ்டல் மால்ட் 300 கிராம் போதும், அதுக்கு மேல வேணாம், கிரிஸ்டல் அதிகமானா வயசாக வயசாக ஒரு திகட்டுற இனிப்பா மாறிடும். சர்க்கரை 400 கிராம், பாடி ரொம்ப கனமா நிக்காம இருக்க. மேஷ், அதாவது மால்ட்டை வெந்நீர்ல ஊறவைக்கிறது, 65 டிகிரியில 90 நிமிஷம், கொதி 90 நிமிஷத்துக்கு குறையக் கூடாது, ரெண்டு மணி நேரம் கொதிச்சாலும் நல்லதுதான். இவ்வளவு மால்ட் போட்டா எஃபிஷியன்சி (மால்ட்ல இருந்து கிடைக்கிற சர்க்கரை விகிதம்) எப்பவும் விழும், 65 சதவீதம்னு வெச்சுக்கங்க, ஒரிஜினல் கிராவிட்டி (புளிக்குறதுக்கு முன்னாடி இருக்குற அடர்த்தி) 1.093 பக்கம் வரும். உங்க பாத்திரத்துல இவ்வளவு மால்ட் அடங்காதுன்னா ட்ரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 4.5 கிலோ, கூட அதே 400 கிராம் சர்க்கரை, கணக்கு கிட்டத்தட்ட அதேதான், எக்ஸ்ட்ராக்ட்ல பண்ணினா தரம் குறைவுன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

ஹாப்ஸ்ல மேக்னம் மாதிரி ஆல்ஃபா ஆசிட் 12 சதவீதம் இருக்குற ஒண்ணு, 60 கிராம், கடைசி 60 நிமிஷத்துக்கு. கசப்போட அளவு, ஐபியு, 60 பக்கம் வரும். புதுசா குடிச்சா இது ரொம்ப கசப்பு, ஆனா கசப்பு குடுக்குற ஐசோ ஆல்ஃபா ஆசிட் மாசம் போகப் போக குறைஞ்சுட்டே வரும், நீங்க குடிக்கப் போற அன்னிக்கு எவ்வளவு மிச்சம் இருக்கணும்னு யோசிச்சுதான் இப்ப போடணும். கடைசியில வாசனைக்கு ஹாப்ஸ், ட்ரை ஹாப் (கொதிக்கவிடாம ஆறின பீர்லயே ஹாப்ஸ் போடுறது) எதுவும் வேணாம், மொதல்ல பறந்து போறது அந்த வாசனைதான்.

இப்ப ஈஸ்ட், இந்த பீர் நிக்கிறதும் விழுறதும் இங்கதான். 11.5 கிராம் பாக்கெட் ரெண்டு போடுங்க, ஒண்ணு போதாது. நாட்டிங்ஹாம் மாதிரி ஆல்கஹால் தாங்குற ஈஸ்ட் எடுங்க. வொர்ட் (கொதிச்ச மால்ட் தண்ணி) ஆறினதும் ஈஸ்ட் போடுறதுக்கு முன்னாடி நல்லா காத்து ஏத்துங்க, மொத்த பீர் பண்றதுலயும் ஆக்சிஜன் நல்லது பண்ற ஒரே நேரம் அதுதான். மொத நாலஞ்சு நாள் 18 டிகிரிக்கு மேல விடாதீங்க, கிராவிட்டி பாதிக்கு மேல இறங்கினப்புறம் மெதுவா 20, 21-க்கு விடுங்க. சூட்டுல ஓடவிட்டா தொண்டையை எரிக்கிற ஃபியூசல் ஆல்கஹால் வரும், நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஒரு வாசனையும் கூட சேரும். "வெச்சா சரியாயிடும்"னு பல பேர் சொல்வாங்க, அதை நம்பாதீங்க. வெச்சா கசப்பு மழுங்கும், ஆல்கஹால் கொஞ்சம் மால்ட்டோட ஒட்டிப் போகும், ஓரங்கள் எல்லாம் ஒண்ணாகும், அவ்வளவுதான். கிருமி புகுந்த பீரும் சூட்டுல ஓடின பீரும் ஒன்றரை வருஷம் கழிச்சு ஒன்றரை வருஷம் பழைய கெட்ட பீராதான் இருக்கும்.

மூணு நாலு வாரம் கழிச்சு ஹைட்ரோமீட்டர்ல பாருங்க. 1.020 பக்கம் வந்து, அஞ்சு நாள் இடைவெளி விட்டு ரெண்டு தடவை பாத்தும் அதே நம்பர் நின்னா முடிஞ்சுது, ஆல்கஹால் 9.5 சதவீதம் பக்கம் இருக்கும். 1.035-ல அடம் பிடிச்சு நிக்குதுன்னா பாட்டில் பண்ணவே கூடாது, கொஞ்சம் சூடு ஏத்தி, மெதுவா சுத்திவிட்டு, அதுக்கும் அசையலைன்னா தனியா ஸ்டார்ட்டர் போட்டு நல்லா ஓடிட்டு இருக்குற ஈஸ்ட்டை உள்ள விடுங்க. முடியாத பீரை பாட்டில்ல அடைச்சு பூட்டின வீட்டுல வெச்சுட்டு போறது ஆபத்து, கண்ணாடி வெடிக்கும். இதே காரணத்துக்காக சேசான் ஈஸ்ட்ல டயாஸ்டேட்டிகஸ் வகை இருக்குறதையும் இந்த வேலைக்கு தொடாதீங்க, சாதா ஈஸ்ட் விட்டு வைக்கிற டெக்ஸ்ட்ரின் சர்க்கரையைக் கூட அது மாசக்கணக்கா மெதுவா தின்னு கேஸ் ஏத்திக்கிட்டே இருக்கும்.

முடிஞ்சதும் கழுத்து வரைக்கும் நிரம்புற கண்ணாடி கார்பாய்க்கு (குறுகின கழுத்து இருக்குற பெரிய ஜாடி) மாத்தி ஒரு மாசம் தெளியவிடலாம், நேரம் இடிச்சா இதை விட்டுடலாம், தப்பில்ல. கிளம்ப ஏழு வாரம் இருக்கும்போது பாட்டிலிங் நடந்தாகணும், அதுதான் முக்கியம். 20 டிகிரியில இருக்குற 19 லிட்டருக்கு ப்ரைமிங் சுகர் (பாட்டில்ல கேஸ் பிடிக்க போடுற சர்க்கரை) 85-லிருந்து 90 கிராம், ரெண்டு வால்யூம் கேஸ் வரும், அதாவது பீர் அளவைப் போல ரெண்டு மடங்கு, இந்த மாதிரி பீருக்கு அதுக்கு மேல வேணாம். இவ்வளவு ஆல்கஹால்ல களைச்சுப் போன ஈஸ்ட்டை நம்பாம, பாட்டிலிங்குக்குன்னே வர்ற சிபிசி-1 மாதிரி ட்ரை ஈஸ்ட் 2 கிராம், ஆறவெச்ச கொதிச்ச தண்ணியில கரைச்சு சேருங்க. அந்த ஈஸ்ட் கேஸ் மட்டும் குடுக்கல, பாட்டிலிங்ல உள்ள போன ஆக்சிஜனையும் மொத சில நாள்ல தானே எடுத்துக்கும், வீட்டுல பண்ற நமக்கு இதைவிட பெரிய காவல் வேற இல்ல.

பாட்டில் பழுப்பு நிறம்தான், பச்சையும் வெள்ளையும் வேணாம், வெளிச்சம் பட்டா ஹாப்ஸ்ல இருந்து ஸ்கங்க்ங்கற மிருகம் விடுற மாதிரி ஒரு நாத்தம்னு சொல்வாங்களே அது வந்துடும். சைஃபன் ட்யூப் பாட்டில் அடி வரைக்கும் போகணும், பீர் அடியில இருந்து சத்தமில்லாம ஏறணும், மேல இருந்து கொட்டி நுரைக்கக் கூடாது. வாய்க்கு ரெண்டு சென்டிமீட்டர் கீழ நிறுத்துங்க. மூடியை மேல சும்மா வெச்சு ஒரு பத்து நிமிஷம் விட்டா கொஞ்சம் கேஸ் வெளிய வந்து கழுத்துல இருக்குற காத்தை தள்ளும், அப்புறம் பாட்டிலை லேசா தட்டினா மெல்லிசா நுரை ஏறி வரும், அது வாய் வரைக்கும் வர்ற அந்த நொடியில அழுத்தி மூடுங்க. மூடி ஆக்சிஜனை உறிஞ்சுற லைனர் இருக்குற வகையா வாங்குங்க, விலை வித்தியாசம் பெருசா இருக்காது, ஒன்றரை வருஷத்துக்கு அது கண்டிப்பா வேணும்.

அப்புறம் 20, 22 டிகிரியில அஞ்சு ஆறு வாரம். ஸ்ட்ராங் பீர் கேஸ் பிடிக்க மெதுவாதான் செய்யும், ரெண்டு வாரத்துல திறந்து பாத்து பயப்படாதீங்க. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒண்ணை திறங்க. உஸ்ஸுன்னு ஒரு சின்ன சத்தம், விரல் அகலத்துக்கு நுரை, ருசி முரட்டுத்தனமா கசப்பா இருக்கும், அது சரியான அறிகுறிதான். அதுக்கப்புறம் எல்லாத்தையும் குளிர்ச்சியான இடத்துக்கு மாத்திட்டு நிம்மதியா கிளம்புங்க.

ஒண்ணு விட்டுப்போச்சு, நீங்க இருக்குற இடத்துல வீட்டுல பீர் பண்ண சட்டத்துல இடம் இருக்கா, இருந்தா எவ்வளவு வரைக்கும்னு பாத்துக்கங்க, நாட்டுக்கு நாடு இது வேற.

கேள்வி: குளிர்ச்சியான இடம்னு எல்லாரும் சொல்றாங்க, என் வீட்டுல அப்படி ஒரு இடமே இல்ல. வீட்டை பூட்டினா உள்ள நல்லா சூடேறும். அப்ப இந்த ஆசையே வேணாமா?

பதில்: வேணும், ஆனா கணக்கை மாத்திக்கணும். 10-லிருந்து 13 டிகிரிதான் நல்ல இடம். சூடு 10 டிகிரி ஏறினா பீருக்குள்ள நடக்குற மாத்தங்கள் ரெண்டு மூணு மடங்கு வேகமாகும்னு பொதுவா சொல்றது, அப்ப 30 டிகிரியில ஒரு வருஷம் இருக்குற பீர் 12 டிகிரியில பல வருஷம் இருந்த பீர் மாதிரி ஆகிடும், பழுக்குறதுக்கு பதிலா வெந்து போகும்.

வீட்டுலயே தாழ்வா, நடுவுல, வெளிச்சுவர் ஒட்டாத இடம் எதுன்னு பாருங்க. சூடு ஏறி ஏறி இறங்குறதும் கெடுதல்தான், அதனால பாட்டில்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி தடிமனான தெர்மோகோல் பெட்டியில அடுக்கி மூடி, துணி சுத்தி வைங்க, பகல் ராத்திரி ஏத்த இறக்கமாவது குறையும். ஓடிட்டே இருக்குற ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தா அதை இருக்குறதுலயே அதிக டிகிரிக்கு வெச்சு அதுல போடுங்க, அதைவிட நல்லது இல்ல, என்ன ஒண்ணு, கேஸ் முழுசா பிடிச்சப்புறம்தான் ஃப்ரிட்ஜுக்குள்ள போகணும், இல்லன்னா ஈஸ்ட் தூங்கிடும். நம்பிக்கையான ஒருத்தர் வீட்டுல நல்ல இடம் இருந்தா அங்க குடுத்து வைக்கிறது எல்லாத்தையும் விட சுலபம்.

எதுவுமே இல்லன்னா பார்லி வைனை விட்டுட்டு இம்பீரியல் ஸ்டவுட் போடுங்க. கருக வறுத்த மால்ட் ருசி, ஆக்சிஜன் பண்ற சேட்டையை நல்லாவே மூடி மறைக்கும். ஆனா அதுவும் ஒரு வருஷத்துக்குள்ள திறக்குற மாதிரி பாத்துக்கங்க.

கேள்வி: ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பண்ணிட்டு போகலாமா? அந்த காலத்துல ஐபிஏ கப்பல்ல மாசக்கணக்கா இந்தியா வரைக்கும் கெடாம போச்சுன்னு படிச்சிருக்கேனே.

பதில்: படிச்சது சரி, ஆனா அந்த பீர் வேற, இன்னிக்கு நாம ஐபிஏன்னு குடிக்கிறது வேற. 18-ஆம் நூற்றாண்டு கடைசியில லண்டன்ல போ ப்ரூவரி நடத்தின ஜார்ஜ் ஹாட்ஜ்சன் மாதிரி ஆளுங்க அனுப்பினது, அக்டோபர் பீர்னு இங்கிலாந்துல ஏற்கனவே வெச்சு பழக்குற வகையை ஒட்டின பேல் ஏல். ஹாப்ஸ் அள்ளி போட்டு, சர்க்கரை மிச்சம் இல்லாம நல்லா ஃபெர்மென்ட் ஆகி, மர பீப்பாயில போகும். கப்பல் ஆப்பிரிக்காவை சுத்தி நாலு மாசம், ஆறு மாசம் போய் சேரும், வழியில வெப்பமண்டலத்தை தாண்டணும், அந்த சூட்டுல பீர் வேகமா பழுத்துடும். அந்த மாதிரி வெச்சு பழக்குற இங்கிலீஷ் பீருக்கு அதோட தனி ருசி எங்க இருந்து வருதுன்னு பின்னாடி 1904-ல டென்மார்க் கார்ல்ஸ்பெர்க் ப்ரூவரியில இருந்த நீல்ஸ் யெல்டே கிளாசென் கண்டுபிடிச்சு சொன்னார், ப்ரெட்டனோமைசஸ்னு ஒரு மெதுவா வேலை செய்யுற காட்டு ஈஸ்ட். பேரே பிரிட்டிஷ் ஃபங்கஸ்னு அர்த்தம் வர்ற மாதிரிதான் வெச்சாங்க.

இன்னிக்கு ஐபிஏ உயிரே ட்ரை ஹாப் வாசனை. அது ரெண்டு மூணு மாசத்துல மங்கிடும், கலங்கலா இருக்குற ஹேஸி வகைன்னா அதுக்கும் முன்னாடியே நிறம் பழுப்பாகி மந்தமாகிடும். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பேட்ச் போட்டு நண்பர்களோட குடிச்சு தீர்த்துட்டு போங்க, மிச்சம் இருந்தா யாருக்காவது குடுத்துடுங்க. கோதுமை பீரும் லேசான லாகரும் இதே கதைதான்.

கேள்வி: பெல்ஜியத்துல லாம்பிக்ங்கற புளிப்பு பீர் ரெண்டு மூணு வருஷம் பீப்பாயிலயே கிடக்குதே, அதை மட்டும் ஏன் ஃபெர்மென்டர்ல விடலாம்?

பதில்: நல்ல கேள்வி, அது உண்மையான விதிவிலக்குதான். லாம்பிக்ல ஈஸ்ட் மட்டும் இல்ல, பெடியோகாக்கஸ்ங்கற பாக்டீரியா புளிப்பு பண்ணும், ப்ரெட்டனோமைசஸ் (சுருக்கமா ப்ரெட்) மாசக்கணக்கா மிச்சத்தை தின்னும், மேல பெல்லிகிள்னு ஒரு சுருக்கம் விழுந்த வெள்ளை ஆடை படியும், ப்ரெட் உள்ள வர்ற ஆக்சிஜன்ல கொஞ்சத்தை எடுத்துக்கவும் செய்யும். செத்த ஈஸ்ட் கூட ப்ரெட்டுக்கு சாப்பாடுதான். அதனால ஒரு வருஷம் சும்மா விடுறது அங்க செய்முறையிலயே இருக்கு.

ஆனா வீட்டுல நம்ம கைல இருக்குறது பெரிய பீப்பாய் இல்ல, 20 லிட்டர். ஏர்லாக் வத்தினா அசிடோபாக்டர்ங்கற பாக்டீரியா புகுந்து வினிகர் ஆக்கிடும். கண்ணாடி கார்பாய், கழுத்து வரைக்கும் பீர், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து ஏர்லாக்ல தண்ணி ஊத்த ஒரு ஆள், இந்த மூணும் இருந்தா தாராளமா போடுங்க. அந்த ஆள் மூடியை திறந்து ருசி பாக்க மாட்டார்னு உறுதியும் வேணும், ஒவ்வொரு தடவை திறக்குறப்பவும் காத்து போகும்.

பாட்டில்லயே ப்ரெட் வேலை செய்யுற அழகு பாக்கணும்னா ஓர்வால்ங்கற பெல்ஜியன் பீர் ஒரு ஆறு பாட்டில் வாங்கி ஆறு மாசத்துக்கு ஒண்ணா குடிச்சு பாருங்க. பாட்டிலிங் பண்ணும்போது ப்ரெட் சேர்க்குறாங்க, புதுசுல ஹாப்ஸ் வாசனை தெளிவா இருக்கும், நாளாக நாளாக வறண்டு, தோல், காஞ்ச புல் மாதிரி வேற ஒரு பீராவே மாறியிருக்கும். வீட்டுல அதை செய்யணும்னா தடிமனான பாட்டில் கட்டாயம்.

கேள்வி: கெக்ல (அழுத்தம் தாங்குற உலோக பீப்பாய்) போட்டு வெச்சுட்டு போனா?

பதில்: நல்ல வழிதான், ஆக்சிஜன் விஷயத்துல பாட்டிலை விட மேல். கெக்கை கார்பன் டை ஆக்சைடால முழுசா காத்து வெளியேத்திட்டு அடியில இருந்து நிரப்பி, மூடி, எல்லா போஸ்ட்லயும் (லைன் மாட்டுற முனை) சோப்பு தண்ணி தடவி குமிழ் வருதான்னு பாருங்க. ரெண்டு மூணு வாரம் நீங்க இருக்கும்போதே பிரஷர் இறங்காம நிக்குதான்னு பாத்துட்டு, கேஸ் லைனை கழட்டி, சிலிண்டர் வால்வை மூடிட்டு போங்க. லைன் மாட்டி திறந்தே விட்டுட்டு போகக் கூடாது, கசிஞ்சா மூடின அறைக்குள்ள கேஸ் சேரும், அது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கேன். ஸ்டவுட் பாட்டில் ரெண்டு திறந்தேன், ஒண்ணுல கேஸே இல்ல, இன்னொண்ணு பொங்கி பாதி தரையில போயிடுச்சு. மிச்ச பாட்டிலை என்ன பண்ண?

பதில்: பொங்கினதைத்தான் மொதல்ல கவனிக்கணும். ஒரு பாட்டில் பொங்கினா மத்ததும் பொங்கலாம். கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு தடிமனான க்ளவ்ஸ் போட்டுக்கிட்டு மெதுவா எல்லாத்தையும் ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க, ரெண்டு நாள் நல்லா ஜில்லுன்னு ஆகட்டும், குளிர்ந்தா கேஸ் பீருக்குள்ள போய் அழுத்தம் குறையும். அப்புறம் ஒவ்வொண்ணா தடிமனான துணி சுத்தி மூடியை துளி துளியா நெம்புங்க, சத்தம் அடங்கினதும் திறங்க. ருசி புளிப்பாவோ ரொம்ப வறண்டோ இருந்தா உள்ள வேற ஏதோ புகுந்திருக்கு, அந்த பாட்டில்களை மறுபடியும் மூடி வைக்காதீங்க. ருசி நல்லா இருந்து கேஸ் மட்டும் அதிகம்னா, ப்ரைமிங் சுகர் பக்கெட்ல சரியா கலக்காம சில பாட்டில்ல அதிகம், சிலதுல கம்மின்னு போயிருக்கும். உங்ககிட்ட ஒண்ணு பொங்கி ஒண்ணு செத்துக் கிடக்குறதைப் பாத்தா இதுவாதான் இருக்கும்னு தோணுது.

கேஸ் இல்லாததை காப்பாத்தலாம். மொதல்ல ஒண்ணை ருசி பாருங்க, இனிப்பு மிச்சம் இருக்குற மாதிரி இருந்தா ஈஸ்ட் களைச்சு போய் ப்ரைமிங் சுகர் அப்படியே கிடக்கு. ட்ரை ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு சுத்தமான டிராப்பர்ல பாட்டிலுக்கு சில துளி விட்டு, உடனே புது மூடி போட்டு, 20 டிகிரி பக்கம் மூணு வாரம் வைங்க. சர்க்கரை மட்டும் கூடுதலா போடாதீங்க. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வந்திருந்தா அதுக்கு மருந்து கிடையாது.

கேள்வி: வீட்டுல பண்ணின பார்லி வைன் எத்தனை வருஷம் வரைக்கும் போகும்? வந்த உடனே எல்லாத்தையும் குடிச்சிடணுமா?

பதில்: அவசரமே இல்ல. இங்கிலாந்துல பெரிய குடும்பங்கள்ல வாரிசு பொறந்தப்போ ஒரு ஸ்ட்ராங் ஏல் போட்டு, அந்த பிள்ளைக்கு 21 வயசு ஆகுறப்போ திறக்குற வழக்கம் இருந்துச்சு. 1968-ல எல்ட்ரிட்ஜ் போப் ப்ரூவரி கொண்டு வந்த தாமஸ் ஹார்டிஸ் ஏல், 25 வருஷம் வரைக்கும் வெச்சிருக்கலாம்னு சொல்லியே வித்தது. நம்ம வீட்டு பாட்டிலிங்ல அவ்வளவு எதிர்பாக்க வேணாம், குளிர்ச்சியான இடம்னா ஒரு வருஷத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் நல்ல காலம், அஞ்சு வருஷம் தாண்டினா ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு திறங்க. ருசியை ரெண்டு வரி எழுதி வைங்க, உலர் திராட்சையும் டாஃபியும் கூடிட்டே வர்ற வரைக்கும் விடலாம், வாசனை மங்கி பாடி மெலிஞ்சு போன மாதிரி தெரிஞ்ச உடனே மிச்சத்தை வேகமா குடிச்சிடுங்க. பாட்டிலை படுக்க வைக்காதீங்க, நிக்க வைங்க, ஈஸ்ட் அடியில இருக்கும், மூடி லைனரும் நனையாது. குடிக்கிற அன்னிக்கு 12, 13 டிகிரியில, சின்ன கிளாஸ்ல, ஒரே மூச்சுல சாய்ச்சு ஊத்தி அடியில ஒரு விரல் அளவு விட்டுடுங்க. லேபிள்ல பேர் எழுதலைன்னாலும் பாட்டில் பண்ணின தேதியும் ரெண்டு கிராவிட்டி நம்பரும் எழுதுங்க, பேனா மை அழியும், மூடி மேல பெர்மனென்ட் மார்க்கர்ல எழுதிட்டா போதும்.